சேறும் சுல்தானும் மோரிப் கடலும்

மோரிப் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் ஒரு கடற்கரை. அந்தப் பெயரைச் சொன்னாலே எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் முகத்தைச் சுளிப்பார்கள். தண்ணீர் பழுப்பு நிறம், மணலைவிடச் சேறு அதிகம், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும், கடலில் குளித்துவிட்டு வந்தவன் வீட்டில் இன்னொரு முறை குளிக்க வேண்டும். கடல் பார்க்கணும்னா போர்ட்டிக்சனுக்குப் போங்கப்பா என்பார்கள். அவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். நான் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. எங்கள் கோலலங்காட் மாவட்டத்தில் நடந்த பெரிய காரியங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சேறுதான் கிடக்கிறது. சுல்தான் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது, வெள்ளைக்காரன் தோட்டம் போட்டது, நம் ஆட்கள் கப்பலேறி வந்து இங்கே காண் (வடிகால்) வெட்டியது, 1945இல் ஒரு பெரிய படை கரையில் மாட்டிக்கொண்டு விழித்தது, எல்லாமே. பிள்ளைகளுக்கு இதை இடத்திலேயே காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

வந்தவர்கள்: மனைவி, படிவம் 2 படிக்கும் மகள், தமிழ்ப்பள்ளியில் 5ஆம் ஆண்டு படிக்கும் மகன், அம்மா, அம்மாவின் அண்ணன் பெரிய மாமா. மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் பிறந்தது, ரப்பர் பால் வெட்டியது, அப்புறம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை தள்ளியது எல்லாமே பந்திங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில்தான். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகன் வீட்டில் இருக்கிறார். வெளியே கூப்பிட்டால் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்பார், எங்கே என்று கேட்க மாட்டார்.

முதல் சிக்கலை அம்மா கிளப்பினார். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "பௌர்ணமி கழிஞ்சு ரெண்டு நாள்தான் ஆகுது. மத்தியானம் போனா கடல்ல தண்ணி இருக்காதுடா" என்றார். அம்மா சொன்னது சரி. மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில் ஏற்ற இறக்கம் ரொம்பப் பெரியது. கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் 4, 5 மீட்டர் வித்தியாசம் வரும். அந்த நாள்களில் காலை 6, 7 மணிக்கும் அந்திக்கும் கடல் நிறைந்து நிற்கும், நடுப்பகலில் வெகுதூரம் உள்வாங்கிவிடும். கரை கிட்டத்தட்டத் தட்டையாக இருப்பதால், நீர் இறங்கினால் சேற்று வெளி கண்ணுக்கெட்டும் தூரம் வரை விரிந்துவிடும். அப்போ காலையில் மலை, மதியம் சேறு, சாயந்திரம் குளியல் என்று முடிவாயிற்று. அந்தச் சேற்று வெளியைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டிலேயே பசியாறினோம். மதியத்துக்குப் புளிச்சோறும் கோழி வறுவலும் டிபன் கேரியரில். மனைவி ஒரே நிபந்தனை போட்டாள்: வரலாறு எல்லாம் 12 மணிக்குள் முடிய வேண்டும்.

பந்திங்கிலிருந்து ஜுக்ரா போகும் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனைதான். நிலம் அவ்வளவு சமதளம். அதன் நடுவில் திடீரென்று ஒரு குன்று எழுந்து நிற்கும். அதுதான் புக்கிட் ஜுக்ரா. 250 மீட்டர் கூட இருக்காது, ஆனால் சுற்றிலும் சதுப்பும் ஆறும் மட்டுமே இருப்பதால் கடலில் வருகிறவனுக்கு அது வெகு தொலைவிலேயே தெரியும். போர்த்துகீசிய மாலுமிகள் இதைப் பார்சலார் என்று குறித்து வைத்து, நீரிணையின் மணல் திட்டுகளுக்கு நடுவே வழி கண்டுபிடிக்க அடையாளமாக வைத்திருந்தார்கள். இன்றைக்கும் மேலே கலங்கரை விளக்கம் இருக்கிறது. உச்சிக்கு அருகே வரை காடி (கார்) போகும். மேலே நின்று பார்த்தால் லங்காட் ஆறு வளைந்து வளைந்து போவதும், அதற்கு அப்பால் கடலும், கீழே முழுக்கச் செம்பனையும் தெரியும். சிப்பாங் விமான நிலையம் பக்கத்தில்தான் என்பதால் தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. மகன் ஆற்றைப் பார்க்கவில்லை, எந்த விமானம் எந்த நிறுவனத்துடையது என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

சிலாங்கூரின் சுல்தான் அப்துல் சமாது இந்த லங்காட் பகுதியில்தான் வாழ்ந்தார். கோலாலம்பூரில் டத்தாரான் மெர்டேக்காவுக்கு எதிரே இருக்கும் மணிக்கூண்டுக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். ஆனால் அவர் வாழ்ந்தது அங்கே இல்லை, இங்கே. 1867 முதல் 1874 வரை கிள்ளானிலும் ஈயச் சுரங்கப் பகுதிகளிலும் ராஜா மஹாடிக்கும் முதலில் ராஜா அப்துல்லாவுக்கும், பிறகு சுல்தானின் மருமகன் துங்கு குடினுக்கும் இடையே சண்டை நடந்தபோது, சுல்தான் இந்த ஆற்றோரத்தில் ஒதுங்கியே இருந்தார். சதுப்பும் அலையாத்திக் காடும் சூழ்ந்த ஓர் இடத்துக்குள் படை கொண்டு வருவது லேசான வேலையில்லை. 1874இல் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற இளம் ஆங்கில அதிகாரி லங்காட்டுக்கு வந்து சுல்தானோடு தங்கினார். பிரிட்டிஷ் ஆட்சி சிலாங்கூருக்குள் அப்படித்தான் நுழைந்தது. 1898இல் சுல்தான் இறந்தார். அவருடைய கல்லறை ஜுக்ராவில்தான் இருக்கிறது.

கல்லறைப் பக்கம் அமைதியாகப் பார்த்துவிட்டு, கம்போங் பண்டாருக்கு இறங்கினோம். அங்கே அடுத்த சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷா 1905இல் கட்டி முடித்த இஸ்தானா பண்டார் இருக்கிறது. மலாய், இந்திய, ஐரோப்பிய வேலைப்பாடு எல்லாம் கலந்த கட்டடம். பக்கத்தில் அவர் பெயரிலேயே மஞ்சள் பள்ளிவாசல். அரண்மனையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, படங்கள் நிறைய கிடைக்கின்றன. மகள் தூண்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டாள். அம்மா நிழல் தேடினார். மாமா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனை ஜன்னல், தொடைக்க எத்தனை ஆள் வெச்சிருந்தாங்களோ" என்றார். அது அரண்மனையைப் பற்றிய நல்ல கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றியது.

அங்கிருந்து மோரிப் சாலையைப் பிடித்தோம். வழியில் காஞ்சோங் டாராட் வந்தது. பூப்பந்து தெரிந்தவர்களுக்கு இந்தக் கம்பத்தின் (கிராமத்தின்) பெயர் தெரியும், சீடேக் சகோதரர்கள் வளர்ந்த இடம். ரசீப், ஜலானி இருவரும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வென்ற வெண்கலம்தான் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் கயிறு கட்டி ஆடியவர்களில் பாதிப்பேர் தங்களை அந்தச் சகோதரர்களில் மூத்தவரான மிஸ்பூன் என்று நினைத்துக்கொண்டவர்கள்தான். சரி, அது வேறு கதை.

சாலையோரத்தில் தோட்டத்துக் காண்கள் நேர்கோடாக ஓடுவதைப் பார்த்து, இது ஆறா என்று மகன் கேட்டான். மாமா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறு இல்லய்யா, ஆளுங்க வெட்டுனது. இந்த மண்ணு களிமண்ணு. தண்ணிய வெளிய விட்டாத்தான் மரம் நிக்கும். இல்லேன்னா வேரு அழுகிப்போயிரும்." கரையோர வண்டல் நிலம் அப்படித்தான். வடித்துவிட்டால் இந்த நாட்டிலேயே வளமான மண், விட்டுவிட்டால் சதுப்பு. 1890களில் சிலாங்கூரில் காப்பி போட்டார்கள். பிரேசில் காப்பியால் விலை விழுந்தபோது பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் ரப்பர் வந்தது, 1910 வாக்கில் விலை உச்சத்துக்குப் போனது, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் மூலம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். நாட்டு விடுதலைக்குப் பின் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். மேலே மரம் மாறியது, கீழே காண் மாறவில்லை. கேரித்தீவு மாதிரி கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் காண் மட்டும் போதாது. சுற்றிலும் மண்கரை கட்டி, கதவு வைத்து, கடல் இறங்கும்போது திறந்து ஏறும்போது மூட வேண்டும். அந்தக் கரையையும் மண்வெட்டி பிடித்துத்தான் கட்டினார்கள்.

மோரிப்பில் நுழையும்போது வெயில் உச்சியில் இருந்தது. அம்மா சொன்ன மாதிரியே கடலைக் காணோம். கரைச்சுவருக்கு அப்பால் கொஞ்சம் மணல், அதற்கு அப்பால் பளபளவென்று சேறு, அதற்கும் அப்பால் எங்கோ ஒரு வெள்ளைக் கோடு. மகன் "அலாமா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அப்புறம் சேற்றில் துள்ளித் துள்ளி நடக்கும் சின்ன மீன்களையும், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகளையும் கண்டுபிடித்துவிட்டான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரவில்லை. மலாய்க்காரப் பெண்கள் சிலர் சேற்றைக் கிளறிக் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மர நிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டு முடித்ததும், படை இறங்கியதற்காக வைத்திருக்கும் நினைவுச் சின்னத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். 1945 செப்டம்பர் 9ஆம் தேதி. பிரிட்டிஷ் தளபதி மௌண்ட்பேட்டன் தலைமையில் ஜப்பானியரிடமிருந்து மலாயாவை மீட்கப் போட்ட திட்டம், பெயர் ஆபரேஷன் ஜிப்பர்.

"யாரு ஜெயிச்சா?" என்றான் மகன்.

"சண்டையே நடக்கல."

"அப்ப எதுக்கு இது?"

நியாயமான கேள்வி. ஆகஸ்ட் 15ஆம் தேதியே ஜப்பான் சரணடைவதாக அறிவித்துவிட்டது. செப்டம்பர் 2இல் தோக்கியோ விரிகுடாவில் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் கப்பல்கள், ஆட்கள், சாமான்கள் எல்லாம் தயாராகி நின்றன, நாட்டைப் பொறுப்பேற்கவும் படை வேண்டும். அதனால் போட்ட திட்டப்படியே, சுடுவதற்கு யாரும் இல்லாத கரையில் பெரும்படை இறங்கியது. இறங்கியபோதுதான் மோரிப் தன் குணத்தைக் காட்டியது. மேலே மணல், கீழே களிமண். லாரிகளும் மற்ற வண்டிகளும் கரையேற முடியாமல் புதைந்தன, சில தண்ணீரிலேயே மூழ்கின. ஜப்பானியர் மட்டும் எதிர்த்து நின்றிருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று போர் வரலாறு எழுதியவர்கள் பிறகு கவலையோடு எழுதினார்கள். நல்லவேளை, அன்று மோரிப்பில் படைக்குத் தொல்லை கொடுத்தது சேறு மட்டும்தான். அதற்குப் பிறகு 13ஆம் தேதி கோலாலம்பூர் விக்டோரியா பள்ளியில் ஜப்பானியப் படைத்தலைவர் முறைப்படி சரணடைந்தார்.

மகளுக்கு இன்னொன்றைச் சொன்னேன். இங்கே இறங்கியவர்களில் வெள்ளைக்காரர்களைவிட இந்தியச் சிப்பாய்கள்தான் அதிகம். 25ஆவது இந்திய டிவிஷன் 1942இல் தென்னிந்தியாவில் உருவாக்கப்பட்டது. அவர்கள் பிரிட்டிஷ் சீருடையில் இந்தக் கரையில் ஏறியபோது, இரண்டு வருடத்துக்கு முன் சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருந்த இளைஞர்களும் பெண்களும் சுற்றிலும் இருந்த தோட்டங்களில் இருந்தார்கள். அதே பிரிட்டிஷாரை எதிர்த்துச் சண்டை போடத்தான் அவர்கள் சேர்ந்தார்கள். ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன ஆட்களில் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த நேரமும் அதுதான். ஒரே லயத்தில் ஒருவருக்கு அந்தச் சிப்பாய்கள் விடுதலை, இன்னொருவருக்கு எதிரி, மூன்றாமவருக்குக் காணாமல் போன அண்ணனைப் பற்றி விசாரிக்க ஓர் ஆள். கல்லில் இதையெல்லாம் எழுத இடம் போதாதுதான். ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் வாயாலாவது சொல்ல வேண்டும்.

மூன்றரை மணிக்கு மேல் தண்ணீர் மெல்ல ஏற ஆரம்பித்தது. தே ஓ ஆயிஸ், பீசாங் கோரேங் வாங்கிக்கொண்டு சுவரில் உட்கார்ந்தோம். மகள் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து நடைபாதையில் ஓட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கடக்கும்போதெல்லாம் மணியடித்தாள். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "எங்கப்பா காலத்துல இப்படி ஓட்ட முடியாது தெரியுமா?" என்றார்.

அம்மா, "ஆரம்பிச்சிட்டீங்களாண்ணே" என்றார். ஆனால் அவரும் கேட்கத்தான் செய்தார்.

"தொரை எதுக்க வந்தா சைக்கிள விட்டு எறங்கணும். காடி போற வரைக்கும் ஓரமா புடிச்சுக்கிட்டு நிக்கணும். கிராணி வந்தாலும் அப்படித்தான். ஏறி உக்காந்தபடியே போனா அது திமிரு."

துரை என்றால் தோட்ட நிர்வாகி, கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். இதை மாமாவின் கதை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: துரைமார், கிராணிமார் முன்னால் சைக்கிளில் போக அனுமதி வேண்டும். அந்தப் பட்டியல் முழுவதையும் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, 10, 12 மணி நேர வேலைக்கு முடிவு, முரட்டுக் கிராணிகளை நீக்கித் தமிழ் பேசும் ஆள்களைப் போடுவது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவ வசதி, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது, கள்ளுக்கடைகளை மூடுவது, சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போவது, சங்கம் அமைக்க உரிமை. கூலியைத் தவிர மற்ற பலவும் மனிதனாக நடத்து என்பதுதான். அன்றைய நிர்வாகம் இதை ஏதோ வெளியாள்களின் தூண்டுதல் என்றது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துரை காருக்காக ஒவ்வொரு நாளும் இறங்கி நின்றவனுக்கு, அது கசக்கிறது என்று இன்னொருவன் வந்து சொல்லத் தேவையில்லை.

முன்னின்றவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் பணிபுரிந்தவர், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் உயிர்நாடி. 1941 மே மாதத் தொடக்கத்தில் அவரைக் கைது செய்ததும் நிறுத்தம் இன்னும் பரவியது. படையை இறக்கினார்கள், மே 16இல் சிலாங்கூரில் நெருக்கடி நிலையும் அறிவித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். பலர் பிடிபட்டார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். இதெல்லாம் நடந்து ஏழு மாதத்தில் ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கிவிட்டான். அதிலேயே பேச்சு அடங்கிப்போயிற்று.

சுல்தானுக்குக் கல்லறை இருக்கிறது, அரண்மனை இருக்கிறது. நடக்காத சண்டைக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவை இருக்க வேண்டியவைதான், எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் நாங்கள் காலையிலிருந்து சுற்றிய வழியில் 1941ஐப் பற்றி ஒரு சின்னப் பலகைகூடக் கண்ணில் படவில்லை. இதை மாமாவிடம் சொன்னேன். "பலகை வெச்சா எங்க வெப்பீங்க? லயமே இல்லையே" என்றார். தோட்டம் துண்டாடப்பட்டு, ஆள்கள் தாமான்களுக்குப் போய், கோயிலும் பள்ளியும் மட்டும் மிஞ்சிய இடங்கள் இங்கே நிறைய. அந்தக் கோயில் வாசலிலோ பள்ளிச் சுவரிலோ வைக்கலாமே என்றேன். அவர் யோசித்துவிட்டு, "பள்ளிக்கூடம்தான் சரி. கோயில்ல பெயிண்ட் அடிக்கும்போது அழிச்சிருவாங்க" என்றார்.

ஐந்தரைக்கெல்லாம் கடல் சுவரருகே வந்துவிட்டது. மகனும் மகளும் இறங்கினார்கள், அம்மாகூட முழங்கால் வரை நனைத்துக்கொண்டார். தண்ணீர் பழுப்பாகத்தான் இருந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ஜுக்ரா குன்று, அரண்மனை, மோரிப் மூன்றையும் பந்திங்கிலிருந்து ஒரே நாளில் தாராளமாகப் பார்த்துவிடலாம், ஒன்றிலிருந்து ஒன்று தூரமில்லை. குன்றுச் சாலை குறுகல், எதிரே காடி வந்தால் பொறுமை வேண்டும். பள்ளிவாசலுக்கும் கல்லறைக்கும் ஏற்ற உடை போட்டுக்கொள்ளுங்கள். குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் கடல் ஏறும் நேரத்தை முன்னாடியே பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் நாள்காட்டி பார்க்கத் தெரிந்த பெரியவர்களைக் கேளுங்கள். சேறு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பௌர்ணமியை ஒட்டிய மதியம் நல்லது. பழைய செருப்பு, மாற்றுத்துணி, காடியில் ஏறுமுன் கால் கழுவ இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர். எங்களுக்கு மூன்று தேவைப்பட்டது.